வெளியிலிருந்து வரும் கால் அரை நிமிடத்தில் கட் ஆகிறது, எதிர்முனைக் குரலும் கேட்கவில்லை (ஐபி பிபிஎக்ஸ், எஸ்ஐபி ட்ரங்க்) – உதவி தேவை

திண்டுக்கல்_வார்டு | திங்கள், காலை 9.40

எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல் பக்கம் 60 படுக்கை உள்ள ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. பில்லிங் கம்ப்யூட்டர், சிசிடிவி, வைஃபை எல்லாம் நான் ஒருவன்தான் பார்க்கிறேன். போன் சிஸ்டம் எனக்குப் புதுசு.

பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி (உள் போன்களையும் வெளி லைன்களையும் இணைப்பது) 16 வருஷம் ஓடியது. 4 லேண்ட்லைன், 40 எக்ஸ்டென்ஷன். போன மழையில் கார்டு போய்விட்டது, உதிரி எங்கும் கிடைக்கவில்லை. அதனால் நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி பிபிஎக்ஸுக்கு மாறினோம். சின்ன சர்வரில் ஃப்ரீபிபிஎக்ஸ் மென்பொருள், 18 ஐபி போன், வார்டுகளில் இருக்கும் பழைய போன்களுக்கு 24 போர்ட் எஃப்எக்ஸ்எஸ் கேட்வே, வெளியே பேச 10 சேனல் எஸ்ஐபி ட்ரங்க் (ஒரே இணைப்பில் பத்து கால் வரை போகும் ஐபி லைன்). ட்ரங்க் தனி ஃபைபரில் வருகிறது. இன்டர்நெட்டுக்கு வேறு பிராட்பேண்ட் (ஸ்டாட்டிக் ஐபி) இருக்கிறது. இரண்டும் ஒரே ஃபயர்வாலில்தான் செருகியிருக்கிறது.

பிரச்சினை:

வெளியிலிருந்து கால் வந்தால் மணி அடிக்கிறது. எடுத்தால் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே கட் ஆகிறது. உள்ளுக்குள் வார்டிலிருந்து பார்மசிக்கு, ரிசப்ஷனுக்குப் பேசினால் குறையே இல்லை.

மூன்று நாளாக ரிசப்ஷன் அக்கா ஒரு நோட்டில் வந்த நம்பரை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, தன் சொந்த மொபைலில் திருப்பிக் கூப்பிடுகிறார். சனிக்கிழமை ராத்திரி நத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் நாலு தடவை போட்டிருக்கிறார். மனைவிக்கு வலி எடுத்துவிட்டது, டாக்டர் இருக்கிறாரா என்று கேட்கத்தான். அவர் கேட்டது ஒரு வார்த்தைகூட இங்கே விழவில்லை. ஐந்தாவதாக அக்கா மொபைலில் கூப்பிட்ட பிறகுதான் கிளம்பினார்கள். இனி ஒரு ராத்திரி இப்படி நடக்கக் கூடாது.

மாட்டிக் கொடுத்தவர்கள் "லைன்காரரைக் கேளுங்கள்" என்கிறார்கள். லைன் கொடுத்தவர்கள் "உங்கள் பிபிஎக்ஸைப் பாருங்கள்" என்கிறார்கள். யாராவது வழி சொல்லுங்கள்.

---

ரூட்டர்_மதுரை | காலை 10.05

சார், முதலில் ஃபயர்வாலில் எஸ்ஐபி ஏஎல்ஜி (போன் பாக்கெட்டுகளைத் திருத்தும் வசதி) ஆன் ஆகி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆஃப் செய்யுங்கள். உதவி செய்கிறேன் என்று உள்ளே புகுந்து பாக்கெட்டில் இருக்கும் முகவரியை மாற்றி விடும். நிறைய ஒருவழிக் குரல் புகாருக்கு அதுதான் காரணம்.

---

திண்டுக்கல்_வார்டு | காலை 10.50

ஆன்தான் இருந்தது. ஆஃப் செய்து, ஃபயர்வால், சர்வர் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். மாற்றம் இல்லை சார்.

---

ஸ்பீடு100 | காலை 11.15

இன்டர்நெட் ஸ்பீடு பத்தாது ப்ரோ. 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுங்க. எஸ்ஐபி வரும் 5060 போர்ட்டை வெளியிலிருந்து பிபிஎக்ஸுக்கு ஃபார்வர்டு பண்ணுங்க. குரல் வரும் 10000 முதல் 20000 வரையும் திறந்து விடுங்க. சரியாயிடும்.

---

பழைய_எக்ஸ்சேஞ்ச் | காலை 11.40

தம்பி, போர்ட்டைத் திறக்க வேண்டாம். தயவு செய்து வேண்டாம்.

நான் 20 வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். 5060-ஐ உலகத்துக்குத் திறந்து வைத்தால் சில மணி நேரத்துக்குள் தானியங்கி ஸ்கேனர்கள் வந்து கதவைத் தட்டும். எக்ஸ்டென்ஷன் 201, பாஸ்வேர்டும் 201 என்று மாட்டிக் கொடுத்தவர் விட்டுப் போயிருந்தால் கதை முடிந்தது. எனக்குத் தெரிந்த ஒரு மில்லில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி யாரும் இல்லாத நேரம் பார்த்து, அவர்கள் லைனில் வெளிநாட்டு நம்பர்களுக்கு விடிய விடியப் பேசித் தள்ளிவிட்டார்கள். பில் வந்த பிறகுதான் தெரிந்தது. அதுவும் உங்கள் ட்ரங்க் தனி ஃபைபரில் வருகிறது. பிராட்பேண்ட் பக்கம் போர்ட் திறக்க ஒரு தேவையும் கிடையாது.

வேகமும் காரணம் இல்லை. ஜி.711 என்ற குரல் முறையில் ஒரு கால் ஒரு பக்கத்துக்கு ஹெட்டர் எல்லாம் சேர்த்து 87 கேபிபிஎஸ் அளவுக்கு எடுக்கும். பத்து சேனலும் நிரம்பினால்கூட 1 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. காசைச் செலவழிக்காதீர்கள்.

எனக்கு இரண்டு பதில் வேண்டும்:
1. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணிப் பாருங்கள். எடுத்ததிலிருந்து எத்தனை வினாடியில் கட் ஆகிறது?
2. நீங்கள் வெளியே போடும் கால் கட் ஆகிறதா, வெளியிலிருந்து வருவது மட்டும்தானா?

---

திண்டுக்கல்_வார்டு | மதியம் 12.30

என் மொபைலிலிருந்து ஆறு தடவை போட்டு எண்ணினேன் அண்ணே. ஆறும் 32 வினாடி. ஒரு வினாடிகூட மாறவில்லை!

வெளியே போடும் கால் கட் ஆகவில்லை. அதிலும் எதிர்முனைக் குரல் கேட்பதில்லை, ஆனால் லைன் அப்படியே நிற்கிறது.

---

பழைய_எக்ஸ்சேஞ்ச் | மதியம் 12.55

அப்படியென்றால் பிடித்துவிடலாம். கோளாறு கண்ட நேரத்தில் வந்தால் லைன், கேபிள், ஸ்விட்ச் என்று தேட வேண்டும். 32 என்று கணக்காக வந்தால் அது பெரும்பாலும் முகவரிப் பிழை.

எப்படி என்றால்: வெளியிலிருந்து கால் வருகிறது, அக்கா ரிசீவரை எடுக்கிறார். உடனே உங்கள் பிபிஎக்ஸ் "200 ஓகே" என்று அனுப்பும், எடுத்தாயிற்று என்று அர்த்தம். அதற்கு அந்தப் பக்கம் "ஏசிகே" அனுப்ப வேண்டும், கிடைத்தது என்று. அந்த ஏசிகே வரவில்லை என்றால் பிபிஎக்ஸ் மறுபடி மறுபடி 200 ஓகே அனுப்பும். எஸ்ஐபி விதிப்படி (2002-இல் வந்த ஆர்எஃப்சி 3261) அடிப்படை நேரம் அரை வினாடி, அதன் 64 மடங்கு வரை காத்திருக்கும். 64 அரை வினாடி என்றால் 32 வினாடி. அதற்கு மேல் பிபிஎக்ஸே லைனை அறுத்துவிடும்.

வெளியே போடும் காலில் ஏசிகே அனுப்ப வேண்டியது நீங்கள். அது போய்ச் சேர்ந்துவிடுகிறது, அதனால் கட் இல்லை.

கடிதம் எழுதுகிறீர்கள், பெறுநர் முகவரி சரி, அனுப்புநர் முகவரி தப்பு. கடிதம் போய்ச் சேரும், பதில் வராது. உங்கள் குரல் போகிறது, அவர்கள் குரல் வரவில்லை, ஏசிகேயும் வரவில்லை. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்.

சர்வரில் எஸ்என்க்ரெப் (எஸ்ஐபி செய்திகளைக் காட்டும் கருவி) இருக்கும், இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கால் வரவழைத்து, நீங்கள் அனுப்பும் 200 ஓகே-யைத் திறந்து பாருங்கள். "கான்டாக்ட்" வரியிலும், கீழே எஸ்டிபி பகுதியில் (குரல் எங்கே வர வேண்டும் என்று சொல்வது) சி என்று தொடங்கும் வரியிலும் என்ன ஐபி இருக்கிறது?

---

திண்டுக்கல்_வார்டு | மாலை 3.20

பார்த்தேன் அண்ணே. நீங்கள் சொன்னபடியே 200 ஓகே திரும்பத் திரும்பப் போகிறது. எண்ணினேன், மொத்தம் 11. ஏசிகே ஒன்றுகூட இல்லை.

கான்டாக்ட் வரி, சி வரி இரண்டிலும் இருப்பது எங்கள் பிராட்பேண்டின் ஸ்டாட்டிக் ஐபி. ட்ரங்க் கொடுத்தவர்கள் தந்த தாளில் எங்களுக்கான ஐபி 10.20.30.2, கேட்வே 10.20.30.1 என்று போட்டிருக்கிறது (எண்களை மாற்றி எழுதியிருக்கிறேன்). அந்த ஐபி ஃபயர்வாலின் இரண்டாவது போர்ட்டில் இருக்கிறது.

---

பழைய_எக்ஸ்சேஞ்ச் | மாலை 3.45

கிடைத்துவிட்டது பாருங்கள்.

மாட்டியவர் ஃப்ரீபிபிஎக்ஸில் "எக்ஸ்டர்னல் அட்ரஸ்" கட்டத்தில் பிராட்பேண்ட் ஐபியை நிரப்பியிருக்கிறார். ட்ரங்க் இன்டர்நெட் வழியாக வந்தால் அது சரி. உங்களுக்கு வருவது லைன் கொடுப்பவரின் தனி நெட்வொர்க். அங்கிருந்து உங்கள் பிராட்பேண்ட் முகவரிக்கு வழியே கிடையாது. "எனக்குப் பேச வேண்டுமானால் இந்த வீட்டுக்கு வா" என்று பிபிஎக்ஸ் சொல்கிறது, அந்த வீட்டுக்கு அவர்கள் ஊரிலிருந்து சாலையே இல்லை. நம் பக்கம் தனி ஃபைபரில் ட்ரங்க் வரும் இடங்களில் இதே தவறைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஃபயர்வாலை நடுவில் வைக்காமல் முடிப்பதுதான் சுத்தம். சர்வரில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு போடுங்கள். ட்ரங்க் பெட்டியிலிருந்து வரும் கேபிளை நேராக அதில் செருகி, 10.20.30.2-ஐ அதற்குக் கொடுங்கள். அந்தக் கார்டில் டீஃபால்ட் கேட்வே போடாதீர்கள், போட்டால் இன்டர்நெட் வழி குழம்பும். லைன் கொடுத்தவரிடம் கேளுங்கள்: சிக்னலிங் (காலை இணைக்கும்) சர்வர் எந்த சப்நெட் (ஐபி தொகுதி), மீடியா (குரல்) எந்த சப்நெட்? இரண்டும் வேறாக இருக்கலாம். இரண்டுக்கும் 10.20.30.1 வழியாக ஸ்டாட்டிக் ரூட் (நிலையான வழி) எழுதுங்கள். பலர் சிக்னலிங்குக்கு மட்டும் எழுதிவிட்டு, மணி அடிக்கிறது குரல் இல்லை என்று திரும்ப வந்து நிற்பார்கள்.

பிறகு ஃப்ரீபிபிஎக்ஸில் "லோக்கல் நெட்வொர்க்ஸ்" பட்டியலில் அந்த இரண்டு சப்நெட்டையும் 10.20.30 சப்நெட்டையும் சேருங்கள். சேர்த்தால் அவற்றுக்குப் போகும் பாக்கெட்டில் முகவரியை மாற்றாது.

---

நர்ஸ்_ஸ்டேஷன் | மாலை 4.30

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நான் ஐடி இல்லை, வேறொரு ஊரில் ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருக்கிறேன். நாங்களும் இதே மாதிரி மாறினோம். முதல் வாரமே கரண்ட் போனது, ஜெனரேட்டர் பிடிக்கும் வரை எல்லா ஐபி போனும் செத்துக் கிடந்தது. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், நம்மிடம் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று அதற்குக் கவலை இல்லை. இதில் பிஓஇ ஸ்விட்ச் (போனுக்குக் கேபிளிலேயே கரண்ட் கொடுப்பது), சர்வர், ஃபைபர் பெட்டி, கேட்வே நான்கும் யுபிஎஸ்ஸில் இருந்தால்தான் போன் உயிரோடு இருக்கும். நாங்கள் ஸ்விட்சை மட்டும் யுபிஎஸ்ஸில் வைத்து, சுவரில் இருந்த ஃபைபர் பெட்டியை மறந்துவிட்டோம்.

தம்பி, பழைய நான்கு லேண்ட்லைனையும் சரண்டர் செய்துவிட்டீர்களா?

---

திண்டுக்கல்_வார்டு | மாலை 5.10

இல்லை மேடம், இந்த மாசக் கடைசியில் கொடுப்பதாக இருந்தோம். நிறுத்தி வைக்கச் சொல்கிறேன். ஃபைபர் பெட்டி எங்களுடையதும் சுவரில் சாதாரண ப்ளக்கில்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லவில்லை என்றால் நானும் பார்த்திருக்க மாட்டேன்.

---

பழைய_எக்ஸ்சேஞ்ச் | மாலை 5.30

மேடம் சொன்னது நூற்றுக்கு நூறு. ஒரு லேண்ட்லைனையாவது வையுங்கள். அதை பிபிஎக்ஸில் கோக்காமல், கேஷுவால்டி மேஜையில் சாதாரண போனில் நேரடியாக மாட்டுங்கள். எது விழுந்தாலும் அது அடிக்க வேண்டும்.

---

திண்டுக்கல்_வார்டு | செவ்வாய், மாலை 6.15

அண்ணே, குரல் வந்துவிட்டது.

கார்டு மாட்டி, இரண்டு ரூட்டும் எழுதி, லோக்கல் நெட்வொர்க்கில் சேர்த்து, மாலை 4 மணிக்கு முதல் கால். ரிசப்ஷன் அக்கா எடுத்து "சொல்லுங்க" என்றார். அந்தப் பக்கம் ஒரு பாட்டி, "ஸ்கேன் எத்தனை மணிக்குய்யா?" என்று கேட்டது ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது. 32 தாண்டி, 40 தாண்டி, ஒரு நிமிஷம் தாண்டியது. அக்கா நோட்டை மூடி டிராயரில் வைத்துவிட்டார்.

ஒன்று மட்டும் மீதி: "அப்பாயின்ட்மென்டுக்கு 1-ஐ அழுத்தவும்" என்று வருகிறது, அழுத்தினால் எடுப்பதில்லை.

---

ரூட்டர்_மதுரை | மாலை 6.40

மிக்க மகிழ்ச்சி சார். அது டிடிஎம்எஃப் (பட்டன் அழுத்தும் ஒலி) செட்டிங். ட்ரங்கில் ஆர்எஃப்சி 4733 என்று வையுங்கள். அதிலும் எடுக்கவில்லை என்றால் லைன்காரர் இன்பேண்டில் (குரலோடு சேர்த்து) அனுப்புகிறாரா என்று கேளுங்கள். கோடெக் (குரல் முறை) வரிசையில் ஜி.711 ஏ-லாவை முதலில் வையுங்கள்.

---

பழைய_எக்ஸ்சேஞ்ச் | மாலை 7.00

தம்பி, ஒரு நிமிஷம் தாண்டியது போதாது. 35 நிமிஷம் ஒரே காலைப் பேசிப் பாருங்கள். செஷன் டைமர் என்று ஒன்று இருக்கிறது, வழக்கமாக 1800 வினாடி. பாதியில், அதாவது 15-ஆவது நிமிஷத்தில், கால் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு முனை மறுபடி இன்வைட் (கால் அழைப்புச் செய்தி) அனுப்பும். அங்கே எதாவது இடித்தால் 15 நிமிஷத்திலோ அரை மணியிலோ அறுந்துவிடும். வெளியிலிருந்து வரும் காலில் ஒரு தடவை, வெளியே போகும் காலில் ஒரு தடவை.

எக்ஸ்டென்ஷன் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் இன்றைக்கே மாற்றுங்கள். ஐஎஸ்டி தேவையில்லை என்றால் லைன்காரரிடமே எழுதிக் கொடுத்து அடைக்கச் சொல்லுங்கள், பிபிஎக்ஸில் மட்டும் அடைத்தால் போதாது.

---

திண்டுக்கல்_வார்டு | புதன், காலை 9.20

டிடிஎம்எஃப் 4733-இல் வைத்ததும் 1-ஐ எடுக்கிறது. நன்றி சார்.

நேற்று இரவு 9 மணிக்கு ஊரிலிருந்து அம்மாவை ஆஸ்பத்திரி நம்பருக்குப் போடச் சொன்னேன். 37 நிமிஷம் பேசினோம். பிறகு நான் இங்கிருந்து போட்டேன், அது 36 நிமிஷம். இரண்டும் நாங்கள் வைத்த பிறகுதான் கட் ஆனது. ("என்னடா இன்னைக்கு இவ்வளவு நேரம் பேசுற" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.)

பாஸ்வேர்டு 42-ம் மாற்றியாயிற்று. அதில் 31 நம்பரும் பாஸ்வேர்டும் ஒன்றாகவேதான் இருந்தன அண்ணே. ஐஎஸ்டி அடைக்க லெட்டர் கொடுத்துவிட்டோம். ஃபைபர் பெட்டியை யுபிஎஸ் லைனுக்கு மாற்றிவிட்டு, மெயினை அணைத்துப் பார்த்தேன், கால் நடுவில் அறுபடவில்லை. கேஷுவால்டி மேஜையில் பழைய சிவப்பு போன் லேண்ட்லைனில் நேரடியாக. நம்பரை அக்கா ஸ்கெட்ச் பேனாவில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.