விமானம் உடனே இறங்காமல் வட்டமடிப்பது ஏன்? பார்த்தவர்கள், உள்ளே இருந்தவர்கள் எழுதுங்கள்

வைகைக்கரை:

2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம், ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் சக்கரம் முதலியவற்றை இயக்கும் அமைப்பு) கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கியது. அன்று சாயங்காலம் மதுரையில் பாதி வீடுகளில் டிவி முன்னால்தான் ஜனம் இருந்திருக்கும். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "கோளாறுன்னா உடனே இறக்க வேண்டியதுதானே, எதுக்குச் சுத்த விடுறாங்க?"

அதற்குச் சில வருடங்கள் முன்னால், மதுரையிலிருந்து துபாய் போகும்போது எனக்கே இது நடந்தது. விமானம் மேலே ஏறியதும் சக்கரம் உள்ளே மடங்கி, காலுக்குக் கீழே 'தடக்' என்று கதவு மூடும். அடிக்கடி போகிறவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம். அன்றைக்கு அது வரவில்லை. பதிலாக, காற்று கிழிபடுகிற இரைச்சல் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. தரை லேசாக அதிர்ந்தது. பத்து நிமிடம் போல ஆனபின் கேப்டன் பேசினார். சக்கரம் மடங்கவில்லை, மதுரைக்கே திரும்புகிறோம், அதற்கு முன் எரிபொருளைக் குறைக்க வேண்டும். இவ்வளவையும் ஆங்கிலத்தில் சொன்னார், அப்புறம் ஹிந்தியில் சொன்னார்கள். தமிழில் ஒரு வார்த்தை இல்லை. விமானத்தில் முக்கால்வாசிப் பேர் மதுரை, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்கள்.

என் பக்கத்தில் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், மகள் வீட்டுக்குப் போகிறவர். "என்னய்யா சொல்றாக?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"சக்கரம் வெளியேதாம்மா இருக்கு. இறங்குறதுக்கு அது வெளியே இருக்கிறதுதான் நல்லது. ஆனா நாலு மணி நேரம் போறதுக்கு எண்ணெய் ரொப்பியிருக்காங்க. இவ்வளவு கனத்தோட இறங்கக் கூடாது. கொஞ்சம் எரிச்சுட்டு இறங்குவாங்க."

"அம்புட்டுத்தானா?" என்றார். கையை விடவில்லை, ஆனால் பிடி தளர்ந்தது.

கணக்கு இதுதான். நாங்கள் போனது போயிங் 737-800. அது கிளம்பும்போது அதிகபட்சம் சுமார் 79 டன் இருக்கலாம். இறங்கும்போது சுமார் 66 டன்தான் இருக்கலாம். வழியில் எரியப்போகிற எரிபொருளை நம்பித்தான் அந்த வித்தியாசத்தையே வைத்திருக்கிறார்கள். பாதியில் திரும்பினால் அந்தக் கனம் அப்படியே நிற்கும். சாதாரணமாக மணிக்கு இரண்டரை டன் போல எரியும். சக்கரத்தை வெளியே நீட்டிக்கொண்டு பறந்தால் காற்றுத் தடை கூடி இன்னும் வேகமாகத் தீரும். கனத்தோடு இறங்கினால் தரையைத் தொடும் வேகம் கூடும், நிற்க ஓடுபாதை அதிகம் வேண்டும், பிரேக் கொதிக்கும். நம் மதுரை ஓடுபாதை 7,500 அடி. போடிமெட்டு இறக்கத்தில் முழு லோடு லாரியை ஓட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சுற்றிய நேரம் முழுக்க ஜன்னல் வழியே யானைமலை வரும், போகும். மழைக்காலம் முடிந்த சமயம், கண்மாய்கள் நிறைந்து கிடந்தன. வெயில் அந்த அம்மாவின் மடியில் விழும், பாதிச் சுற்றில் எதிர் வரிசைக்குப் போகும், மறுபடி வரும். பின் வரிசையில் ஒரு பையன் அழ ஆரம்பித்தான்; அவனைப் பார்த்து அவன் அம்மாவும் அழுதார். அவர்களுக்கும் யாராவது தமிழில் இரண்டு வரி சொல்லியிருந்தால் போதும். விமானம் சுற்றுவது பைலட் திணறுவதால் இல்லை, வேலையை நிதானமாகச் செய்வதால்தான். அதை ஜனத்தின் மொழியில் சொல்வதும் பாதுகாப்பில் சேர்ந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கரிசல்காட்டான்:

நான் கீழேயிருந்து பார்த்தவன். காரியாபட்டிப் பக்கம் காட்டில் மக்காச்சோளம் ஒடித்துக்கொண்டிருந்தோம். ஒரு விமானம் வந்த வழியே திரும்பத் திரும்ப வந்தது, வழக்கத்தைவிடத் தாழ்வாக. வேலை நின்றுபோனது. எங்கள் பெரியப்பா, "வெடிக்காம இருக்க பெட்ரோலை ஊத்திட்டுத்தான் இறங்குவான், எல்லாரும் மரத்தடிக்குப் போங்க" என்றார். பெண்கள் சாப்பாட்டுத் தூக்குவாளியை முந்தானையால் மூடினார்கள். ஒரு சொட்டு விழவில்லை. ஆனாலும் அந்தச் சோளத்தைத் தின்னலாமா என்று ஊருக்குள் ஒரு வாரம் பேச்சு ஓடியது. உண்மையிலேயே ஊற்றுவார்களா?

வைகைக்கரை:

மதுரைக்கு வழக்கமாக வந்து போகிற விமானங்களால் ஊற்ற முடியாது, சகோ. 737, ஏர்பஸ் 320, சென்னைக்குப் போகும் ஏடிஆர், எதிலும் அதற்கான குழாயே கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். 777, 747, ஏ380 மாதிரிப் பெரிய விமானங்களில்தான் அந்த வசதி. அவையும் பொதுவாக ஐயாயிரம் அடிக்கு மேலே, முடிந்தால் கடலுக்கு மேல் போய்த்தான் திறப்பார்கள். அந்த உயரத்தில் மண்ணெண்ணெய் வகை எரிபொருள் நுண்ணிய துளிகளாகப் பிரிந்து, பெரும்பகுதி தரைக்கு வராமலே ஆவியாகிவிடும்.

உங்கள் பெரியப்பா பயந்தது ஒரு இடத்தில் நடந்தும் இருக்கிறது. 2020 ஜனவரி 14 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு 777, இன்ஜின் கோளாறால் திரும்பும்போது தாழப் பறந்தபடியே எரிபொருளைக் கொட்டியது. பள்ளிக்கூட மைதானத்தில் இருந்த பிள்ளைகள் மேல் விழுந்து தோல், கண் எரிச்சல். அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நாகமலை:

துபாயிலிருந்து அமெரிக்கா போகும்போது நான் அதை நேரில் பார்த்தேன். 777-300ஈஆர், இறக்கைக்குப் பின்னால் ஜன்னல் சீட். ஒரு இன்ஜினில் ஏதோ கோளாறு என்று திரும்பினோம். இறக்கையின் நுனிப் பக்கம், பின்விளிம்பில் ஒரு குழாய் முனை இருக்கிறது. அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. அதிலிருந்து வெள்ளையாக ஒரு பட்டை கிளம்பி, கொஞ்ச தூரத்திலேயே கலைந்து காணாமல் போனது. சத்தம் எதுவும் இல்லை. கேப்டன் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் ஒருவரும் பதறவில்லை, நிறையப் பேர் போனில் படம் எடுத்தார்கள்.

அந்த விமானம் கிளம்பும் உச்சக் கனம் சுமார் 351 டன், இறங்கும் உச்சக் கனம் சுமார் 251 டன். நூறு டன் வித்தியாசம்! எரித்தே தீர்ப்பதென்றால் அரை நாள் சுற்ற வேண்டும்.

பெருங்குடி:

என் மாமா ஒரு விமான நிலையத் தீயணைப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னதை எழுதுகிறேன். இப்படி இறங்கும் விமானத்துக்குப் பின்னாலேயே வண்டிகள் ஓடும். நின்றதும் முதலில் பார்ப்பது சக்கரத்தை. பிரேக் சூட்டில் டயர் வெடிக்காமல் இருக்க, சக்கரத்தில் உருகக்கூடிய அடைப்பான் வைத்திருப்பார்கள். சூடு மிஞ்சினால் அது உருகிக் காற்றை மெதுவாக இறக்கிவிடும். அப்படியும் யாரும் பக்கவாட்டில் போகக் கூடாது, முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் நெருங்கணும். வெடித்தால் துண்டுகள் பக்கவாட்டில்தான் பறக்குமாம். "எரியாத சக்கரத்துல அவசரப்பட்டுத் தண்ணி அடிச்சுரக் கூடாது மாப்ளே, தானா ஆறணும்" என்பார். ஆட்களை உள்ளேயே உட்கார வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரிசல்காட்டான்:

சரி, உள்ளே தீப்பிடித்தால்? அப்போதும் சுற்றுவார்களா?

வைகைக்கரை:

சுற்றக் கூடாது. தீ, புகை, உயிருக்குப் போராடும் நோயாளி என்றால் கனத்தோடேயே இறங்கலாம், முடிவு கேப்டனுடையது. விமானமும் அதைத் தாங்கும்படிதான் கட்டப்பட்டிருக்கிறது. இறங்கும் உச்சக் கனத்தில் வினாடிக்கு 10 அடி வேகத்தில் தரையைத் தொட்டாலும், கிளம்பும் உச்சக் கனத்தில் வினாடிக்கு 6 அடி வேகத்தில் தொட்டாலும் தாங்க வேண்டும் என்பது விதி. சாதாரணமாக இறங்கும்போது இரண்டு, மூன்று அடி போலத்தான் இருக்கும்.

1998 செப்டம்பர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து ஜெனீவா போன எம்டி-11 விமானத்தில் புகை வந்தது. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் இறங்கத் திரும்பியவர்கள், எரிபொருளைக் கொட்டுவதற்காக ஊரைவிட்டுக் கடல் பக்கம் போனார்கள். விமானம் கடலில் விழுந்து 229 பேரும் இறந்துபோனார்கள். நேராகப் போயிருந்தாலும் தீ அந்த அவகாசத்தைத் தந்திருக்காது என்றுதான் விசாரணையில் கண்டார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு, எங்கிருந்து வருகிறதென்று தெரியாத புகை என்றால் மற்றதை விட்டுவிட்டு முதலில் இறங்கு என்பது பைலட் பயிற்சியில் அழுத்தமாக வந்துவிட்டது.

அப்படிக் கனத்தோடு இறங்கிய விமானத்தை, சக்கரத் தண்டு, இறக்கை மூட்டு எல்லாம் இன்ஜினியர்கள் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மறுபடி பறக்க விடுவார்கள்.