கார்-டி சிகிச்சைக்குப் பின் குறையும் இரத்த அணுக்கள்: அனுபவமுள்ளோரின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வசிக்கும் என் அக்காவுக்கு பி-செல் லிம்போமா என்ற இரத்தப் புற்றுநோய். கீமோதெரபிக்குப் பின்னும் நோய் திரும்பியதால், அவருடைய நோய் எதிர்ப்பு அணுக்களான டி-செல்களையே எடுத்து, மரபணு மாற்றம் செய்து மீண்டும் உடலில் செலுத்தும் கார்-டி சிகிச்சையை அளித்தார்கள். ஸ்கேனில் இப்போது லிம்போமா இல்லை. ஆனால், அண்மைய இரத்தப் பரிசோதனையில் இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 62,000 ஆகக் குறைந்தும், சிவப்பணுக்களின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. 108 ஆக உயர்ந்தும் இருப்பதால், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.

இச்சிகிச்சைக்குப் பின் டி-செல் புற்றுநோய் வரக்கூடும் என்ற எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்க்குமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 ஜனவரியில் கூறியதைப் படித்து வீட்டில் எல்லோரும் கலங்கிப்போயிருக்கிறோம். எனினும், 2023 இறுதிவரை அங்கு செலுத்தப்பட்ட 27,000-க்கும் மேற்பட்ட டோஸ்களுக்கு அத்தகைய 22 நேர்வுகளே பதிவாகியிருந்தன. அதைவிட எனக்குக் கவலை தருபவை எம்.டி.எஸ். (மஜ்ஜை இரத்த அணுக்களைச் சரியாக உருவாக்காத நோய்), ஏ.எம்.எல். (வேகமாகப் பரவும் ஓர் இரத்தப் புற்றுநோய்) ஆகியவைதான். முந்தைய கீமோவால் பழுதுபட்ட, இரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களிலிருந்து இவை உருவாகலாம் என்பதோடு, அந்தப் பழுது கார்-டிக்கு முன்பே இருந்திருக்கவும் கூடும்.

கார்-டி சிகிச்சையாலேயே அணுக்கள் நெடுநாள் குறைந்திருப்பதும் உண்டு என்பதால், அதையும் எம்.டி.எஸ்., ஏ.எம்.எல். நோய்களையும் உங்கள் மருத்துவர்கள் எவ்வாறு பிரித்தறிந்தார்கள்? மஜ்ஜையில் குரோமோசோம் பரிசோதனையுடன் மரபணுப் பரிசோதனையும் செய்தார்களா? சிகிச்சைக்கு முன் சேமித்த மாதிரியோடு ஒப்பிட்டார்களா? எம்.டி.எஸ். உறுதியானவர்களின் குடும்பத்தினர் யாரேனும் இருந்தால், ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை குறித்து எப்போது முடிவெடுத்தீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.