பார்டர் கோலி நாய் குழந்தைகளின் குதிகாலைக் கவ்வுகிறது, இன்னும் ஓடவிட வேண்டுமா?

கேள்வி: எங்கள் பார்டர் கோலிக்கு எட்டு மாதம். காலை, மாலை இரண்டு வேளையும் ஓடவிடுகிறோம், பந்து எறிந்து எறிந்து எங்களுக்குத்தான் தோள் வலிக்கிறதே தவிர அதற்குக் களைப்பே வருவதில்லை. குழந்தைகள் ஓடினால் பதுங்கிப் போய்க் குதிகாலைக் கவ்வுகிறது. காயமில்லை, ஆனால் சின்னவள் பயந்துபோய் சோபாவை விட்டு இறங்குவதில்லை. இப்போது சுவரில் விழும் நிழலையும் துரத்த ஆரம்பித்திருக்கிறது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர்.

பதில்: கொடுக்க அவசரப்படாதீர்கள். இது கோபக் கடி இல்லை. உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கடிப்பது, கொல்வது என்று வேட்டையில் வரிசையாக வருவதில் முன்பாதியை மட்டும் ஊட்டி வளர்த்து, பின்பாதியை அடக்கி, செம்மறி மேய்ப்பதற்காக உருவாக்கிய நாய் இது. 1893இல் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்ற நாயின் வழிவந்தவைதான் இன்றைய பார்டர் கோலிகளில் பெரும்பாலானவை. அது குரைக்காமல் பார்வையாலேயே செம்மறிகளை நகர்த்துமாம். உங்கள் வீட்டில் செம்மறி இல்லை, குழந்தைகள்தான் ஓடுகிறார்கள். கடித்த பிறகு திட்டிப் பயனில்லை, தலையைத் தாழ்த்தி முறைக்கிறதே, அந்த நொடியில் கூப்பிடுங்கள், திரும்பினால் உடனே தீனி. குழந்தைகள் ஓடியாடும் நேரத்தில் நாய் தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். பின்னால் வந்தால் கத்தாமல் அப்படியே நிற்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

பதில்: ஓட்டத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள்! ஓட ஓட அதற்குத் தெம்புதான் ஏறும். எலும்பு வளர்ந்து முடியாத வயதில் பந்துக்காகத் திரும்பத் திரும்பத் தாவுவது மூட்டுகளுக்கும் நல்லதல்ல. மூளைக்கு வேலை கொடுங்கள். சேசர் என்ற பார்டர் கோலி 1022 பொருட்களைப் பெயர் சொன்னால் எடுத்து வந்தது, 2011இல் அது ஆய்வாகவே வெளியானது. உங்களுக்கு ஐந்து பொம்மை போதும். தீனியைத் தட்டில் போடாமல் புல்லில் இறைத்து மோந்து தேடவிடுங்கள். அப்புறம், பாயில் சும்மா படுத்திருப்பதற்கும் தீனி உண்டு என்று பழக்குங்கள், இந்த நாய்களுக்கு ஓய்வெடுப்பதையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

பதில்: எல்லோரும் நிழலை விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் கவலை. இந்த இனத்தில் அது விடாத வெறியாக மாறிவிடும். லேசர் விளக்கு வைத்து விளையாட்டுக் காட்டவே காட்டாதீர்கள், நிழல் விழும் பக்கம் திரையை இழுத்து விடுங்கள், கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். போகும்போது எம்டிஆர்1 மரபணுச் சோதனை பற்றியும் கேளுங்கள். கோலி வகை நாய்கள் சிலவற்றுக்கு அந்த மரபணுவில் கோளாறு இருக்கும், அவற்றுக்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை அதிக அளவில் கொடுத்தால் ஆபத்து.

கேள்வி கேட்டவர்: நன்றி. ஆடு மேய்க்கப் பழக்கினால் இதெல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: ஆடே வேண்டாம். ட்ரைபால் என்று ஜெர்மனியில் தொடங்கிய விளையாட்டு ஒன்று இருக்கிறது, பெரிய காற்றுப் பந்துகளை மூக்கால் தள்ளி வலைக்குள் சேர்க்க வேண்டும். முதலில் ஒரே பந்தை வைத்துத் தொடங்குங்கள், குழந்தைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.