சோதனை அன்று மட்டும் வயிறு கலக்குவது ஏன்?

டியூஷன்_டீச்சர் (ஹட்டன்):
ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதும் பிள்ளைகள் சிலருக்குச் சோதனை அன்று காலையில் மட்டும் வயிற்றைப் பிசைந்து, இரண்டு மூன்று தடவை வயிற்றால் போகிறது. லீவு நாளில் ஒன்றுமில்லை. வீட்டில் நடிப்பு என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பச்சைக்கொழுந்து:
நடிப்பில்லை டீச்சர். பயம் வந்ததும் மூளையின் ஹைப்போதலமஸ் சி.ஆர்.எஃப். என்ற ஹோர்மோனைச் சுரக்கும். அது இரைப்பையை மந்தமாக்கி, பெருங்குடலை முடுக்கிவிடும். சாப்பாடும் இறங்காது, கக்கூசுக்கும் ஓட வேண்டும். வயிற்றின் கலக்கம், குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மேலே போய்ப் பதற்றத்தைக் கூட்டும். அந்த நரம்பின் இழைகளில் சுமார் 80 சதவீதம் மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவைதான்.

சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும். அதனால் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கொஞ்சமாகச் சாப்பிடட்டும், கக்கூசில் அவசரமில்லாமல் உட்காரட்டும். வெறும் வயிற்றில் கடும் சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) வேண்டாம். மூச்சை 4 விநாடி இழுத்து 6 விநாடி விடுவதை 5 நிமிடம் செய்யலாம். ஆனால் இரண்டு வாரம் முன்பே பழகியிருக்க வேண்டும். அன்றைக்கே தொடங்கினால் மூச்சை எண்ணுவதே இன்னொரு பதற்றம்.

லீக்ஸ்பாத்தி (நுவரெலியா):
காலைச் சாப்பாட்டை விட முதல்நாள் இராச்சாப்பாட்டைப் பாருங்கள். கோதுமை மா ரொட்டியிலும் வெங்காயச் சம்பலிலும் உள்ள ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகை சிறுகுடலில் செரிக்காது. சில மணி நேரம் கழித்துப் பெருங்குடலுக்குப் போய்த்தான் நொதித்துக் காற்றாகும். பருப்பும் அதே கூட்டம். மற்ற நாளில் தெரியாத காற்று, பதற்றத்தில் நரம்பு கூர்மையானதும் வலியாகத் தெரியும். தோட்டத்து லயன் வீடுகளில், ரொட்டியை விட்டால் என்னத்தைச் சாப்பிடுவது என்பார்கள். ஒரு நாளைக்குத்தானே, சோறும் முட்டையும் கரட்டும் போதும். லீக்ஸ் போட்டால் பச்சை இலையை மட்டும் நறுக்குங்கள், வெள்ளைத் தண்டில்தான் ஃப்ரக்டான் அதிகம். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குப் பால்மா டீயும் வேண்டாம்.

டியூஷன்_டீச்சர்:
வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோபராமைட் மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்களே, சரியா?

மருந்துக்கட்டு:
டொக்டரைக் கேட்காமல் வேண்டாம். காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் தொடவே கூடாது. இரத்தம், மெலிவு, தூக்கத்தில் எழுப்பும் வயிற்றோட்டம், இரத்தச்சோகை இதில் ஒன்று இருந்தாலும் பதற்றம் என்று விடாமல் கிளினிக்குக்கு அனுப்புங்கள். கொதிக்க வைக்காத பீலித்தண்ணி (மலை ஊற்றுத் தண்ணி) குடிக்கும் வீடென்றால் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கு மலப் பரிசோதனையும் கேளுங்கள். கிருமி போன பிறகும் குடல் நரம்பு சிலருக்கு மாதக்கணக்கில் கூர்மையாகவே இருக்கும். பெரியவர்களுக்கு அப்போது டொக்டர் இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் (கூடிய அளவில் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து) எழுதுவதுண்டு. மனநோய் மாத்திரை என்று பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சிறிய அளவு, குடலிலிருந்து போகும் வலிச் செய்தியைக் குறைக்கத்தான்.