டைரியில் சிவப்பு மை வந்த நாட்கள்: உங்கள் வீட்டுக் கதையையும் சொல்லுங்கள்

ரெண்டாங்கிளாஸ் அம்மா:

என் மகன் இரண்டாம் வகுப்புக்குப் போன மூன்றே மாதத்தில் அவன் டைரி பாதி சிவப்பாகிவிட்டது. 'சொன்னதைச் செய்வதில்லை.' 'பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறான்.' 'கூப்பிட்டால் திரும்புவதில்லை.' ஒரு நாள், 'நண்பனை அடித்துவிட்டான், பெற்றோர் வந்து பார்க்கவும்.' ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு விசாரணை நடக்கும், ஒரு அழுகை, டிவி கிடையாது என்று ஒரு தண்டனை, அப்புறம் நான் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன், மறுநாள் மறுபடியும் ஒரு வரி வரும்.

வீட்டிலும் அதே கதைதான். சமையலறையிலிருந்து நாலு தடவை கத்தினால்கூட அசைய மாட்டான், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து "காருக்கு பேட்டரி மாற்றலாமா" என்று மெதுவாகக் கேட்டால் சட்டென்று திரும்புவான். அவன் அப்பா சொல்வார், "வேண்டியது மட்டும் காதில் விழும்." நானும் சிரித்துக்கொண்டே ஆமாம் போட்டிருக்கிறேன், இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பள்ளிக்கு வரச் சொன்ன அன்று அவனுடைய மிஸ் ஒரு யோசனை சொன்னார். அவன் என்ன செய்தான் என்பதை மட்டும் எழுதாமல், அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் என்ன நடந்தது என்பதையும் இரண்டு வாரம் எழுதிப் பார்ப்போம், பள்ளியில் நான், வீட்டில் நீங்கள் என்றார். ஒரு சின்ன நோட்டில் மூன்று கட்டம் போட்டோம்: முன்னால், அப்போது, பிறகு. உண்மையைச் சொன்னால் எனக்கு நம்பிக்கை இல்லை, அடங்காத பிள்ளைக்குக் கணக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மிஸ்தான் முதலில் கவனித்தார். வகுப்பில் நடந்தது எல்லாமே அவர் போர்டில் எழுதிக்கொண்டே, முதுகைக் காட்டிப் பேசிய நேரத்தில், அல்லது எல்லாப் பிள்ளைகளும் சத்தமாகக் குழுவாக வேலை செய்த நேரத்தில். தனியாக மேஜைக்குக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்ன நேரத்தில் ஒன்றுகூட இல்லை. என் நோட்டில் எல்லாமே வேறு அறையிலிருந்து கூப்பிட்டவை. அந்த அடிதடிகூட, ஒருவன் இவன் பின்னாலிருந்து என்னவோ சொல்ல மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள், இவனுக்கு என்ன சொன்னான் என்றே தெரியவில்லை, சிரித்தது மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

"காதைப் பரிசோதித்தீர்களா?" என்று கேட்டார். எனக்கு ஒரே திகைப்பு.

காது மருத்துவர் ஒரு சின்னக் கருவியை காதில் வைத்து லேசாகக் காற்றழுத்தம் கொடுத்தார். திரையில் மலை மாதிரி ஏறி இறங்க வேண்டிய கோடு, இவனுக்குப் பாய் விரித்த மாதிரி தட்டையாகப் போனது, இரண்டு காதிலும். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கிறது, சளி பிடித்து விட்டபிறகு சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவதுதான் என்றார். வலியும் கிடையாது, காய்ச்சலும் கிடையாது, அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. கொடுமை என்னவென்றால் இந்தக் குறைபாடு ஏறும் இறங்கும், ஒரு நாள் நன்றாகக் கேட்கும், மறுநாள் காதைப் பொத்திக்கொண்ட மாதிரி இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது திமிராகத்தான் தெரியும். பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும், மூன்று மாதம் பார்ப்போம், வடியாவிட்டால் சின்னக் குழாய் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று சொல்லி, மருந்து எதுவும் தராமல் அனுப்பிவிட்டார்.

இதற்குள் மிஸ் அவனை முன் வரிசைக்கு மாற்றினார், பேர் சொல்லிக் கூப்பிட்டு அவன் முகம் திரும்பிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னார், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நான் சமையலறையிலிருந்து கத்துவதை விட்டேன் (முழுசாக இல்லை). சிவப்பு வரிகள் முதல் வாரத்திலேயே பாதியாகக் குறைந்துவிட்டன.

கோபக்கார அப்பா:

எங்கள் வீட்டுக் கதை வாசிப்பைப் பற்றியது. மகளுக்குப் படிப்பில் ஆர்வம் வரட்டும் என்று ஒரு புத்தகம் முடித்தால் ஒரு ஸ்டிக்கர், பத்து ஸ்டிக்கருக்கு ஒரு பரிசு என்று சுவரில் சார்ட் ஒட்டினேன். முதல் வாரம் பிரமாதம். இரண்டாவது வாரம் நூலகத்திலிருந்து எட்டுப் பக்கப் புத்தகமாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள், அதிலும் பெரிய எழுத்து. கேட்டால், "இதுவும் ஒரு புத்தகம்தானே அப்பா." என்ன சொல்வது! பிறகு 1973-ல் செய்த ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன், படம் வரைவதில் ஏற்கனவே ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்ததில், பின்னால் அவர்கள் தாங்களாக வரைவது குறைந்துபோனதாம். சார்ட்டைக் கிழித்தேன். இப்போது ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள். நான் வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தப்பாகப் படிப்பேன், அவள் பாய்ந்து திருத்துவாள், அதில் அவளுக்கு வரும் சந்தோஷம் எந்த ஸ்டிக்கரிலும் வந்ததில்லை.

முன்னாள் டீச்சர்:

மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் வாயே திறக்க மாட்டான், 'பதில் தெரியாது' என்று முடிவுகட்டியிருந்தேன். பயிற்சியில் மேரி பட் ரோ என்பவரின் ஆய்வைச் சொன்னார்கள்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 வினாடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மறுநாள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு... வகுப்பு அமைதியில் அந்த மூன்றாவது வினாடி எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவன் பேசினான். பதில் தப்பு, ஆனால் பேசினான்.

அன்று சாயங்காலம் அவன் அம்மாவுக்கு போன் போட்டேன். எடுத்ததுமே, "என்ன மிஸ், என்ன பண்ணிட்டான்?" ஒன்றும் பண்ணவில்லை, இன்று பதில் சொன்னான் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அதுவரை நாங்கள் அந்த வீட்டுக்கு நல்ல செய்தி சொல்லப் போன் போட்டதே இல்லை.

ரப்பர் கிழித்த நோட்டு:

எல்லோருக்கும் இப்படிக் காரணம் கையில் கிடைத்துவிடாது என்பதற்காக எழுதுகிறேன். என் மகளுக்குக் கண், காது எல்லாம் சரி. கணக்குப் பக்கத்தைக் கிழித்துவிடுவாள், அவ்வளவுதான். பள்ளியில் திட்டு, அதே தப்புக்கு வீட்டில் என்னிடம் இரண்டாவது திட்டு, ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை. கடைசியில் அவளே சொன்னாள், ஒரே பக்கத்தில் இருபது கணக்கைப் பார்த்தால் வயிற்றில் என்னவோ செய்கிறதாம். ஒரு வெள்ளைத்தாளால் பக்கத்தை மூடி, ஐந்து ஐந்தாக இறக்கினேன், கிழிப்பது நின்றது. பள்ளியில் கேட்டபோது முதலில் "ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டமா" என்றார்கள். ஒரு மாதம் நடையாய் நடந்த பிறகு தாளுக்கு அனுமதி கிடைத்தது. தாளுக்கு!

கோபக்கார அப்பா:

ரெண்டாங்கிளாஸ் அம்மா, மூன்று மாதம் ஆகியிருக்குமே, நீர் வடிந்ததா?

ரெண்டாங்கிளாஸ் அம்மா:

இடது காது சரியாகிவிட்டது, வலதில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அடுத்த மாதம் மறுபடி பார்க்க வேண்டும். நேற்று டைரியில் புதிதாக ஒரு வரி வந்தது, நீல மையில்: 'வகுப்பில் ரொம்பப் பேசுகிறான்.' கையெழுத்துப் போட்டு அனுப்பினேன், முதல் தடவையாக விசாரணை இல்லாமல்.