மறு: ‘இதய ஈடுபாடு’ வேண்டா, சொரியாசிஸ் மூட்டழற்சிக் கையேட்டுக்கு ஒரு சொல்

குழும அன்பர்களுக்கு,

தருமபுரியில் செவிலிய மாணவியருக்காக நாங்கள் எழுதும் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தோல்நோயான சொரியாசிஸ் உள்ளோருக்கு வரும் மூட்டழற்சி இதயத்தையும் தொடுவதை ஆங்கிலத்தில் ‘cardiac involvement’ என்பர்; அதை விளக்கும் இயலின் தலைப்பு மட்டும் முடியவில்லை. வரைவில் இருந்த ‘இதய ஈடுபாடு’ என்பதை வகுப்பில் வாசித்தபோது, நோயாளி மனமொன்றி மருந்துண்பது என்று ஒரு மாணவி பொருள்கொண்டார். பிழை அவருடையதன்று, ஆழ்வார்களின் ஈடுபாடு என்று பயின்ற சொல்லை நோயின்மேல் ஏற்றிய நம்முடையது.

பேராசிரியர் ஐயா முன்மொழிந்த ‘இதயத் தாக்கம்’ மாரடைப்பாகவே காதில் விழும். சொல்ல வந்ததோ அதனினும் விரிந்தது. மூட்டை வீங்கச் செய்யும் அழற்சியே குருதிக்குழாயின் உட்சுவரையும் புண்படுத்துவதால் அங்கே கொழுப்புப் படிவது விரைகிறது. உடற்பருமனும் சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் இந்நோயாளரிடம் மிகுதியாகக் காணப்படுவதால் அது மேலும் கடுமையாகிறது. அரிதாகச் சிலருக்குப் பெருந்தமனி வால்வும் இதயத்தின் மின்கடத்தலும் பழுதுபடுகின்றன. நெஞ்சுவலி ஏதுமின்றியே இவை தொடங்கலாம். ஆகவே நோயின் எல்லைக்குள் இதயமும் வந்துவிட்டது என்னும் பொருளில் ‘இதயம் உட்படல்’ என்பதை வேண்டுகிறேன்.

சொரியாசிஸ் என்னும் பெயர் நம் ‘சொறி’யிலிருந்து போனது என்று குழுமத்தில் எழுந்த கருத்தை ஏற்க இயலவில்லை. அரிப்பைக் குறித்த ‘ப்சோரா’ என்னும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். ரகர றகர வேறுபாட்டையும் தாண்டி, ஒலி ஒத்ததாலேயே உறவு கட்டலாகாது. அதைவிட, சொறி என்றெழுதினால் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி அண்டை வீட்டார் விலகுவர். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதே இல்லை. சித்த மருத்துவ வழக்கான ‘காளாஞ்சகப்படை’யை ஒருமுறை அடைப்புக்குள் தருவோம்.

ஓசூர் அன்பரின் மறுமொழி:

‘உட்படல்’ இலக்கணத்தில் குறையற்றது. ஆயினும் வடசொல்லாகிய இதயத்தை ஏன் விடாது பற்றவேண்டும்? எங்கள் தெருவில் தெலுங்கர் ‘குண்டெ’ என்றும் கன்னடர் ‘குண்டிகெ’ என்றும் இதயத்தைச் சொல்வதை நாள்தோறும் கேட்கிறேன். அவற்றை ஒத்த நம் ‘குண்டிக்காய்’ சிறுநீரகமாகிவிட்டது. அதை மீட்க முடியாதெனினும் ‘நெஞ்சாங்குலை’ இருக்கிறதே.

மீண்டும் தருமபுரியிலிருந்து:

‘நெஞ்சாங்குலை’ என்றால் எங்கள் மாணவியர் தயங்குவர். குழுமத்தில் மறுமொழி எழுதிய எழுவரில் ஐவர் ‘இதயப் பாதிப்பு’ போதுமென்கின்றனர். நேரமில்லாததால் அதுவே அச்சேறுகிறது. ஆனால் பாதிப்பு என்றதும் தன் இதயம் கெட்டுவிட்டதென நோயாளி இடிந்துபோவார். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்து முன்னமே காக்கலாம் என்பதை அச்சொல் மறைக்கிறது. அடுத்த பதிப்பிலும் ‘உட்படல்’ என்பதற்காகவே எழுதுவேன்.