‘சக்சஷன்’: நல்லவர் என்று ஒருத்தர்கூட இல்லை, ஆனாலும் ஏன் பாதியில் நிறுத்த முடியவில்லை?

புதுரசிகன்:
அமெரிக்க டிவி சேனல் எச்பிஓவில் 2018 முதல் 2023 வரை வந்த ‘சக்சஷன்’ தொடர், 39 எபிசோடும் முடித்தாச்சு. பெரிய மீடியா கம்பெனி நடத்தும் அப்பா லோகன் ராய், அவர் நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகள் கெண்டல், ரோமன், ஷிவ். பாதிப் பேச்சு ஷேர், கடன், போர்டு மீட்டிங். இதெல்லாம் தெரியாதவர்களையும் எப்படி உட்கார வைக்கிறது? எழுத்தில் என்ன செய்கிறார்கள்?

எழுத்தாணி:
(கடைசி எபிசோட் வரை பேசுகிறேன், பார்க்காதவர்கள் தாண்டிப் போங்க.)

பிசினஸ் தெரிய வேண்டாம், ஓட்டு எண்ணத் தெரிந்தால் போதும். சீசன் 1, எபிசோட் 6 பாருங்க. லோகன் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். யார் நம் பக்கம் என்று கெண்டல் போடும் கணக்கு முன்கூட்டியே நமக்கும் தெரியும். பிறகு அதிலிருந்து ஒவ்வொன்றாக உருவுகிறார்கள். கெண்டல் டிராஃபிக்கில் மாட்டி, போனில்தான் மீட்டிங் நடத்துகிறான். வெளியே இருங்கள் என்றால் லோகன் அசைவதாக இல்லை. அந்த முகத்துக்கு நேராகக் கை தூக்கணும். ரோமனுக்குக் கை எழவில்லை. கம்பெனி விவகாரம் வீட்டு விவகாரமாக மாறுவது அந்த நொடியில்தான்.

கடைசி எபிசோடும் இதே கணக்குதான். கம்பெனியை விற்கலாமா என்று போர்டில் ஓட்டு. 6க்கு 6 என்று நிற்கும்போது ஷிவ் எழுந்து போகிறாள், அண்ணன்கள் பின்னாலேயே ஓடுகிறார்கள். அங்கே அவள் எடுத்து வீசுவது முதல் சீசன் முடிவில் கெண்டல் ஓட்டிய கார் தண்ணீரில் விழ, அதில் மூழ்கி இறந்த சர்வர் விஷயத்தை. அது நடக்கவே இல்லை என்று கெண்டல் சாதிக்கிறான். அதோடு சரி, 7க்கு 6, கம்பெனி கைமாறுகிறது. மூன்று சீசனுக்கு முன் போட்ட முடிச்சு, ஒரே ஒரு ஓட்டில் அவிழ்கிறது.

ஒளிஓவியன்:
கேமராவை விட்டுட்டீங்களே. 35 எம்எம் ஃபிலிம், கையில் பிடித்த கேமரா. பேசுகிறவரை விட்டுவிட்டு, கேட்பவர் முகத்துக்குத் தாவும். சீசன் 4, எபிசோட் 3இல் லோகன் சாவது விமானத்தில். நாம் இருப்பது கப்பலில், போனைக் காதில் வைத்திருக்கும் பிள்ளைகளோடு. ஒரு ஃபிலிம் ரோல் ஏறத்தாழ 10 நிமிடம்தான் ஓடும். அதனால் கேமராக்களுக்கு வேறு வேறு நேரத்தில் ரோல் மாற்றி, நடிப்பை நிறுத்தாமல் நீளமாக எடுத்தார்கள். அழுகை திணறலாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

புதுரசிகன்:
அப்படியானால் இதே பாணியில் எழுதுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

எழுத்தாணி:
மூன்று இடம். பங்களா, ஹெலிகாப்டரை ரசித்து ரசித்துக் காட்டுவது. இதில் அவற்றை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அடுத்தது, அப்பாவை வெறும் கொடூரனாக்குவது. லோகன் அவ்வப்போது கொஞ்சம் பாசம் காட்டுவார். பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்து மாட்டுவது அதற்காகத்தான். அது இல்லாவிட்டால் ‘பணத்தை வாங்கிட்டு ஒதுங்கிப் போக வேண்டியதுதானே’ என்று பார்க்கிறவர் கேட்டுவிடுவார், கதை அங்கேயே படுத்துவிடும். மூன்றாவது, மனதில் இருப்பதை நேராகச் சொல்லும் வசனம். இவர்கள் ‘பயமாக இருக்கிறது’ என்று சொல்ல மாட்டார்கள், கேவலமாக ஒரு ஜோக் அடிப்பார்கள். ரோமன் பேசும் எந்த சீனை வேண்டுமானாலும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்க, பயம் கண்ணில் தெரியும்.